பேடக்லேருந்து பேசுறேன்

நீங்க போய்ச் சாப்பிடுங்க தம்பி. அடுத்த பந்திக்கு இலை போடுறாங்க பாருங்க. எனக்கு வேணாம். பசியில்லைன்னு சொன்னா பொய்தான், காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஆனா இந்த வீட்ல இன்னைக்கு நான் கை நனைக்கிறதா இல்ல. உள்ள மாலை போட்டு வெச்சிருக்காங்களே போட்டோ, அந்த ஆளுக்கும் எனக்கும் ஒரு சண்டை இருக்கு. செத்தவன்கூட என்ன சண்டைன்னு கேக்காதீங்க. உயிரோட இருந்தப்ப போட விடலையே, அதான் சண்டை.

உக்காருறீங்களா? உக்காருங்க, உக்காருங்க. நீங்க எத்திராஜ் பெண்டாட்டி கனகவல்லிக்குச் சொந்தமா? அத்தை பையனா? அரக்கோணம். சரி. அப்ப உங்களுக்கு எத்திராஜை அவ்வளவாத் தெரிஞ்சிருக்காது. கல்யாணம் காட்சின்னா வந்து மொய் எழுதிட்டு ஓரமா நிப்பான். பேசவே மாட்டான். என்கிட்ட மட்டும்தான் பேசுவான்னு நான் நெனச்சிட்டிருந்தேன். அதுலதான் என்னை நல்லா ஏமாத்திட்டான்.

நான் தணிகாசலம். எத்திராஜும் நானும் கிண்டி எஸ்டேட்ல ஒரே கம்பெனி. பம்பு செய்யிற கம்பெனி. அவன் லேத்துல, நான் ஸ்டோர்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, ரேஸ். ஐயய்யோன்னு பாக்காதீங்க. குடும்பத்தை வித்து ஆடுற ஆளுங்க இல்ல நாங்க. கட்டுறது பிச்சைக் காசு. ஜெயிச்சீங்களான்னு கேப்பீங்க. ஜெயிச்சிருந்தா இந்த ஆதம்பாக்கத்துச் சந்துல பந்தல் போட்டிருப்பாங்களா? பெரிய மண்டபமா பிடிச்சிருக்க மாட்டோமா?

ஞாயித்துக்கிழமை வீட்ல கறிச்சோறு தின்ன கையோட கெளம்பிடுவோம். எனக்குக் குதிரையைப் பத்தி ஒரு எழவும் தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்சது ரேஸ் புத்தகம். எந்தக் குதிரை போன தடவை எத்தனாவது வந்துச்சு, எந்த ஜாக்கி ஏறுறான், எவ்வளவு எடை, எல்லாம் தலைகீழா ஒப்பிப்பேன். எத்திராஜ் புத்தகத்தைக் கையாலயும் தொட மாட்டான். நேரா பேடக்குக்குப் போயிடுவான். பேடக்னா, ரேஸுக்கு முன்னாடி குதிரைங்களைக் கயித்தப் பிடிச்சு வட்டமா நடத்திக் காட்டுவாங்க, அந்த எடம். சுத்திக் கம்பி போட்டிருக்கும். அந்தக் கம்பியில ரெண்டு முழங்கையையும் ஊனிக்கிட்டு நின்னான்னா கல்லு மாதிரி நிப்பான். காதைப் பாப்பான். வாலைப் பாப்பான். தொடை நடுவுல வேர்வை நுரை கட்டியிருக்கான்னு பாப்பான். "மூணாம் நம்பருக்கு இன்னைக்கு மனசே இல்லடா தணிகா. ஆறைப் பாரு, பள்ளிக்கூடம் விட்ட புள்ள மாதிரி நடக்குது" அப்டிம்பான். நான் ஓடிப்போய் கவுண்டர்ல நிப்பேன். அதான் எங்க ஏற்பாடு. அவன் கண்ணு, நான் காலு. வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு.

அப்புறம் சக்கரை அவன் காலைத் தின்னுடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டை விரல்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல. கடைசியில இடது கால், முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. மாடி வீடு வேற. ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிட்டு வந்து மேல உக்கார வெச்சதுதான், அப்புறம் அவன் கீழ எறங்குனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

அவன் புள்ள நல்ல புள்ள. வெளிநாட்லேருந்து பெரிய டிவி வாங்கி அனுப்புனான். போன்லயே பணம் கட்டுற மாதிரி எல்லாத்தையும் போட்டுக் குடுத்தான். "இனிமே நீங்க அங்க போகவே வேணாம்பா, ரேஸ் உங்க கட்டிலுக்கு வந்துடுச்சு"ன்னான். எத்திராஜ் தலையை ஆட்டுனான். புள்ள போனைக் கீழ வெச்சதும் என்னைப் பாத்து, "குதிரை எங்கடா வந்துச்சு? படம்தானே வந்திருக்கு"ன்னான்.

அவன் சொன்னதுல தப்பில்ல. டிவில பேடக்கைக் காட்டவே மாட்டான். ரேஸுக்கு முன்னாடி பூரா வெறும் நம்பரா ஓடிட்டிருக்கும். குதிரை கிளம்புற எடத்துக்குப் போறப்பதான் ஏதோ கொஞ்சம் காட்டுவான். எத்திராஜுக்குப் புத்தகமும் தெரியாது, குதிரையும் கண்ணுல படலன்னா எதை வெச்சுக் கட்டுறது? அப்பதான் நான் சொன்னேன். கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன், அவன் கேக்கல. "நான் போறேன்டா. கம்பியோரம் நின்னு போன் பண்றேன். பாக்குறதைச் சொல்றேன். நீ இங்கேருந்து கட்டு. இனி நான் கண்ணு"ன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டான், அவ்வளவுதான்.

முதல் சீசன் ஒழுங்காப் போனேன் தம்பி. ஒரு வாரம் தவறல. ஒவ்வொரு ரேஸுக்கும், "பேடக்லேருந்து பேசுறேன்"னு ஆரம்பிப்பேன். அவன் சொல்லிக் குடுப்பான். "காது முன்னாடி நிக்குதா, படுத்திருக்கா? பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிஞ்ச எடத்தைத் தாண்டி விழுதா பாரு"ம்பான். நான் பாத்துச் சொல்லுவேன். ரேஸ் முடியிற வரைக்கும் போனை வெக்க மாட்டோம். அந்தச் சத்தம் அவனுக்கு வேணும்.

அதுல ஒரு வேடிக்கை நடந்துச்சு. டிவில வர்ற ரேஸ் கொஞ்சம் பிந்தித்தான் வருமாம். நான் நிக்கிற எடத்துல குதிரை முடிவுக் கோட்டைத் தாண்டி, ஜனங்க 'ஓ'ன்னு கத்தி, எல்லாம் முடிஞ்சிருக்கும். அவன் வீட்டு டிவில குதிரைங்க இன்னும் ஓடிக்கிட்டே இருக்கும். எத்திராஜ் போன்ல என் பேச்சைக் கேட்டு எவன் ஜெயிச்சான்னு தெரிஞ்சுக்குவான். பக்கத்துல கனகம் இருக்கும், கீழ்வீட்டுக்காரர் காப்பி குடிக்க வந்திருப்பார். இவன் ஒண்ணும் தெரியாத மாதிரி, "ரெண்டாம் நம்பர் வெளியிலேருந்து வரும் பாருங்க"ம்பான். வரும். கீழ்வீட்டுக்காரர் அசந்து போயிடுவார். "என்ன சார் உங்களுக்கு நாக்குல சனியா, சரஸ்வதியா?"ன்னு கேப்பாராம். இவன் போன்ல என்கிட்ட குசுகுசுன்னு சிரிப்பான். ஒத்தக் காலோட படுத்திருக்கிற மனுஷன், சின்னப் புள்ள மாதிரி சிரிப்பான்.

இதுவரைக்கும் நான் செஞ்சதுல ஏதாவது கொறை இருக்கா? சொல்லுங்க. இல்லைல்ல?

ரெண்டாவது சீசன் வந்துச்சு. வெயில். இந்த வருஷ வெயில் உங்களுக்கே தெரியும். ரயில்ல கூட்டம். உள்ள போனா உக்கார எடம் இல்ல, டீ வாயில வெக்க முடியல. முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சுன்னு வைங்க, ஆனா முன்னாடி தெரியல. அப்புறம் அந்தக் கம்பியோரம்... எத்திராஜ் நிக்கிற எடம் ஒண்ணு இருக்குல்ல, அதுல ஒரு தொந்திக்காரன் வந்து நிக்க ஆரம்பிச்சான். வாரா வாரம் அதே எடத்துல. நான் அந்தாளை எடத்தை மாத்தி நிக்கச் சொன்னேன். "உங்கப்பன் வீட்டுக் கம்பியா?"ன்னான். அதெல்லாம் ஒரு காரணம் இல்ல. வெயில்தான் காரணம். வெயில் தாங்கல.

எங்க வீட்லயும் டிவி இருக்கு. மருமகன் சோபா வாங்கிப் போட்டிருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை சோபாவுல சாஞ்சவன் எந்திரிக்கல. போன் அடிச்சுது. எத்திராஜ். "எங்கடா இருக்கே?"ன்னான். எனக்கு என்ன தோணுச்சோ, "பேடக்லேருந்து பேசுறேன்"னுட்டேன். வாய் பழக்கம். வேணும்னு சொல்லல. சொன்னப்புறம் என்ன பண்றது? புத்தகத்தைப் பாத்துக்கிட்டு, "நாலாம் நம்பர் நல்லா நடக்குதுடா, காது ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி நிக்குது"ன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன். பால்கனிக் கதவைத் தெறந்துவிட்டேன், தெரு சத்தம் வரட்டும்னு. "சரிடா, நாலுலயே கட்டுறேன்"னான். கட்டுனான். தோத்தான். குதிரைன்னா தோக்கத்தான் செய்யும்.

அன்னையிலேருந்து அப்படியே ஆயிடுச்சு. ஏமாத்துனேன்னு சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்காது. அவனுக்கு வேண்டியது என் குரலா, வெயில்ல வேகுற என் உடம்பா? அவனுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? பெண்டாட்டியை அடுத்த ரூமுக்கு அனுப்பிடுவேன். பேரப்புள்ளைங்களை வாயைப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லுவேன். ஒருநாள் பாழாப்போன குக்கர் விசில் அடிச்சுடுச்சு. "என்னடா விசில்?"ன்னான். "போலீஸ்காரன்டா, கூட்டத்தை ஒதுக்குறான்"னேன். "ஓ... கூட்டமா இன்னைக்கு?"ன்னான். "நிக்க எடமில்ல"ன்னேன். "பாத்து நில்லு, தள்ளிவிட்டுடப் போறாங்க"ன்னான்.

இன்னொரு நாள், "அஞ்சாம் நம்பர் கால்ல கட்டு இருக்கா பாருடா"ன்னான். எனக்கு எப்படித் தெரியும்? "இல்லடா, கால் சுத்தமா இருக்கு"ன்னேன். அஞ்சுலயே கட்டிட்டான். கொஞ்ச நேரத்துல டிவில காட்டுறான், அந்தக் குதிரைக்குக் காலு ரெண்டுலயும் இவ்வளவு பெரிசா வெள்ளைக் கட்டு. அவனும்தானே அதைப் பாத்துட்டிருப்பான்? "எத்திராஜு, இப்பதான்டா கட்டுனாங்க, நான் பாத்தப்ப இல்ல"ன்னு சொன்னேன். அவன், "ஆமா ஆமா, சில சமயம் கடைசி நிமிஷத்துல கட்டுவாங்க"ன்னான்.

கட்டுவாங்களா தம்பி? ஆயுசு பூரா ரேஸ் பாத்தவன் பேசுற பேச்சா அது? எனக்கு அப்ப புத்தி வேலை செய்யல. தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துட்டேன்.

சீசன் பூரா இப்படியே போச்சு. நான் சோபாவுல உக்காந்து அவனுக்குக் குதிரை நடையைச் சொல்றதும், அவன் நான் சொன்ன குதிரையிலயே கட்டுறதும், தோக்குறதும். ஒண்ணு ரெண்டு ஜெயிச்சான், குருட்டாம்போக்குல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்குக் காலையில வந்தேன். பதினாறாம் நாள் காரியம், சீக்கிரமே வந்து நின்னேன், யாரு இருக்கா நாற்காலி எடுத்துப் போட? கனகம் என்னை உள்ள கூப்பிட்டுச்சு. அழுதுச்சு. அழுதுக்கிட்டே, "அண்ணே, ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும்ணே. நீங்க இந்த சீசன்ல கிண்டிக்குப் போகலைங்கிறது அவருக்கு முதல் நாளே தெரியும்"னுச்சு.

எப்படின்னு கேட்டேன்.

அந்தக் கொஞ்சம் பிந்தி வர்றது இருக்கு பாருங்க, அதுதான் காட்டிக் குடுத்துடுச்சு. முன்னாடியெல்லாம் போன்ல 'ஓ'ன்னு சத்தம் வந்து முடிஞ்சப்புறம்தான் அவன் டிவில குதிரை வரும். அன்னைக்கு நான் வீட்ல உக்காந்திருக்கேன். என் டிவியும் அவன் டிவியும் ஒண்ணா ஓடுது. போன்ல கேக்குற கத்தலும் அவன் டிவி கத்தலும் ஒரே சமயத்துல வருது. மாங்கா மடையன் நான், குக்கருக்கெல்லாம் பயந்தேன், இதை நெனைக்கல. அதுக்கப்புறம் கீழ்வீட்டுக்காரருக்கு அவன் ஜோசியமே சொல்லலையாம். "என்ன சார் நாக்கு படுத்துடுச்சா?"ன்னு அவர் கேட்டா, "ஆமா சார், வயசாச்சு"ம்பானாம்.

ஒரு சீசன் பூரா தம்பி! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டே, "காது எப்படிடா இருக்கு?"ன்னு கேட்டிருக்கான். நான் வாயில வந்ததைச் சொல்ல, அதுலயே கொண்டுபோய்க் கட்டியிருக்கான். தோக்கும்னு தெரிஞ்சே கட்டியிருக்கான். கனகம் கேட்டுச்சாம், "தெரிஞ்சும் ஏன் அதுல கட்டுறீங்க?"ன்னு. "கட்டலைன்னா அவனுக்குத் தெரிஞ்சுடும்ல"ன்னானாம்.

இது சிநேகமா? நீங்க நியாயம் சொல்லுங்க. 'டேய் தணிகா, பொய் சொல்லாதடா, எந்திரிச்சுப் போடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் போயிருப்பேனே. அன்னைக்கே சட்டையை மாட்டிக்கிட்டு ஓடியிருப்பேனே. அசிங்கமாத் திட்டியிருக்கலாம். திட்டுறதுக்குத்தானே சிநேகிதன் இருக்கான். கமுக்கமா வெச்சுக்கிட்டு என்னை முட்டாளாக்கிட்டுப் போயிட்டான். அதான் என் கோபம்.

இருங்க, போயிடாதீங்க. இன்னும் இருக்கு. இதோட விட்டிருந்தா நான் உள்ள போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

ஏன் கேக்கலைன்னா, அவனே ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெச்சுக்கிட்டான். கனகம் சொல்லுது. அந்த முதல் நாள் போனை வெச்சுட்டு டிவியை அணைச்சானாம். அப்புறம், "தணிகாவுக்கு முட்டி போயிடுச்சு போலிருக்கு கனகம். ரயில் படி ஏற முடியல, நிக்க முடியல. என்கிட்ட சொல்லக் கூச்சப்படுறான். காலே இல்லாதவன்கிட்ட முட்டி வலின்னு எப்படிச் சொல்லுவான்? நீ ஒண்ணும் கேட்டு வெக்காதே, பாவம், சங்கடப்படுவான்"னானாம்.

என் முட்டி! என் முட்டிக்கு என்ன தம்பி? பாருங்க. இந்தா, நீட்டுறேன், மடக்குறேன். ஒரு சத்தம் வருதா? இன்னைக்கும் காலையில ஸ்டேஷன்லேருந்து நடந்துதான் வந்தேன். யார் இவனை முட்டியைப் பத்தி நெனைக்கச் சொன்னது? வெயிலுக்குப் பயந்து சோபாவுல கெடந்தவனை, நோயாளின்னு நெனச்சு ஒரு சீசன் பூரா பரிதாபப்பட்டிருக்கான். கனகம் தைலம்கூட வாங்கி வெச்சிருந்துச்சாம், எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியாம அலமாரியிலயே இருக்காம்.

இதைக் கேட்ட உடனேதான் எனக்கு சீசனோட கடைசி ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துச்சு.

அவன் ஆஸ்பத்திரியில இருந்தான். கிட்னியும் கெட்டுப் போச்சு. டிவி கெடையாது, ஒண்ணும் கெடையாது, போன் மட்டும் தலைமாட்டுல. அன்னைக்குப் பாத்து எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் வெடிச்சு கரண்ட் போயிடுச்சு. செல்லுல ரேஸ் பாக்கலாம்னா எனக்குக் கண்ணு தெரியல, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. வீட்ல புழுக்கம். அதனால போனேன். கரண்ட் இல்லாததாலதான் போனேன் தம்பி, பெரிய தியாகம் எதுவும் இல்ல. நெசமாவே கிண்டிக்குப் போய், நெசமாவே பேடக் கம்பியோரம் நின்னு, அவனுக்குப் போன் போட்டேன்.

குரலே வரல அவனுக்கு. "பேடக்லேருந்து பேசுறேன்டா"ன்னேன். "ம்"ன்னான். வழக்கம்போல "ம்". மூணாம் நம்பர் வால் தூக்கி நடக்குதுன்னேன். அதுக்கும் "ம்". பணமெல்லாம் அவன் எங்க கட்டப் போறான், சும்மாக் கேட்டான். ரேஸ் கிளம்புச்சு. கேலரிப் பக்கம் வந்துட்டேன். எனக்குப் பக்கத்துல ஒரு ஆளு, பூராப் பணத்தையும் ஒரே குதிரையில கட்டியிருப்பான் போலிருக்கு. குதிரை பின்தங்குனதும் ஆரம்பிச்சான் பாருங்க. "டேய் சோமாறி, குதிரை மேல படுத்துத் தூங்குறியாடா? எறங்கி நீ ஓடுடா கசுமாலம்! உன்னைப் பெத்த நேரத்துக்கு உங்கம்மா ஒரு கழுதையை வளத்திருக்கலாம்டா!" அப்படின்னு என் காதுகிட்டயே கத்துறான். டிவில எல்லாம் அது வருமா? வராதே.

போன்ல எத்திராஜ், "யாருடா அது?"ன்னான். குரல் மாறிடுச்சு. "யாரோடா, பைத்தியம்"னேன். "போனை அந்தாள்கிட்ட காட்டுடா. காட்டுடா தணிகா"ன்னான். காட்டுனேன். அந்த மனுஷன் ரேஸ் முடியிற வரைக்கும் ஜாக்கியோட ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டுனான். நான் திரும்பப் போனைக் காதுல வெச்சா, அந்தப் பக்கம் எத்திராஜ் சிரிக்கிறான். சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, இருமிக்கிட்டே சிரிக்கிறான்.

அப்புறம், "வந்துட்டியாடா?"ன்னான். எனக்குப் புரியல. நான் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்னு நெனைக்கிறான், ஜுர வேகத்துல பேசுறான்னு நெனச்சேன். "முட்டி தேவலையாயிடுச்சாடா?"ன்னான். எவ்வளவு ஆசையாக் கேட்டான் தெரியுமா? எனக்கு மண்டையில ஏறல. நான் சிரிச்சேன் தம்பி. சிரிச்சுட்டுச் சொன்னேன். "என்னடா உளர்றே? என் முட்டிக்கு என்ன? எனக்கு முட்டி வலின்னா என்னன்னே தெரியாது. ஒரு நாள்கூட வந்ததில்ல. குதிரைகூட ஓடச் சொன்னாலும் ஓடுவேன்"னேன்.

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டுச்சு.

அப்புறம், "அப்படியா?"ன்னான். அவ்வளவுதான். "அப்படியா?" அப்புறம், "சரிடா, அடுத்த ரேஸுக்கு நேரமாச்சு, நீ போய்ப் பாரு"ன்னு வெச்சுட்டான். அதுதான் நான் அவன்கிட்ட கடைசியாப் பேசுனது. செவ்வாய்க்கிழமை போயிட்டான்.

பாத்தீங்களா என்ன பண்ணியிருக்கேன்னு? அந்த மனுஷன் எனக்காக ஒரு முட்டியைக் கண்டுபிடிச்சு, ஒரு சீசன் பூரா அதைக் காப்பாத்தி வெச்சிருந்தான். நான் போன்லயே பெருமையாச் சிரிச்சு அதைப் பிடுங்கிப் போட்டுட்டேன். சாகப்போறவன்கிட்ட, 'எனக்கு ஒரு கொறையும் இல்லடா, சும்மாத்தான் வரல'ன்னு சொல்லிட்டேன். எனக்கு என்ன தெரியும்? அவன் மனசுல என் முட்டி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா, 'ஆமான்டா, இப்பதான் கொஞ்சம் தேவலை'ன்னு சொல்லியிருக்க மாட்டேனா? அது சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்குல ஒரு பொய்தானே. சொல்லாத பொய்யா?

இருங்க. கண்ணைத் தொடைச்சுக்கிறேன். பந்தல்ல உக்காந்து கெழவன் அழுதா நல்லா இருக்காது.

இன்னும் கேளுங்க, அவன் அதோட விட்டானா? நான் போன் பேசுனப்ப கனகம் அவன் பக்கத்துல இல்ல. மருந்து வாங்கக் கீழ போயிருந்துச்சாம். திரும்பி வந்து பாத்தா, எத்திராஜ் சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கான். என்னங்கன்னு கேட்டுச்சாம். திரும்பி, "தணிகா ரேஸுக்குப் போயிருக்கான் கனகம். முட்டி வலியோடயே போயிருக்கான். எனக்காகப் போயிருக்கான்"னானாம்.

புரியுதுங்களா? நான் 'வலியே கெடையாது'ன்னு சொன்னதைக் கேட்டப்புறம் சொல்லியிருக்கான். உண்மை தெரிஞ்சப்புறம் சொல்லியிருக்கான். கனகம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அந்த வலியிலயும் அவருக்காகப் போனீங்களேண்ணே, உங்களை மாதிரி யாருண்ணே இருப்பாங்க"ன்னு அழுவுது. நான் என்ன சொல்றது? இல்லம்மா, கரண்ட் போச்சும்மான்னா? வெளிய வந்து இந்த நாற்காலியில உக்காந்தவன்தான். அவன் போட்டோவைப் பாக்க முடியல. அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கான்.

அதோ, கனகம்தான் வருது. வாசல்ல நின்னு கூப்பிடுது பாருங்க. என்னைத்தான். "அண்ணே, வாங்கண்ணே, உங்களுக்குத் தனியா மேசையில இலை போட்டிருக்கேன், கீழ உக்கார வேணாம்"னுது. கேட்டுச்சா உங்களுக்கு? பந்தியில எல்லாரும் தரையில உக்காந்திருக்காங்க. எனக்கு மட்டும் மேசை.

இல்லம்மா, பசியில்லன்னு சொல்லட்டுமா? சொல்ல முடியல. அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டே நிக்குது.

வர்றேன்மா, வர்றேன். மெதுவாத்தான் வரணும்.

தம்பி, கொஞ்சம் கை குடுங்க. நல்லாத் தாங்கிப் பிடிச்சுக்குங்க, அவங்க பாக்கட்டும். உங்க தோள்ல சாஞ்சுக்கிறேன். எந்த முட்டின்னு அவகிட்ட என்ன சொல்லி வெச்சானோ, வலதோ இடதோ, அதைக்கூட என்கிட்ட சொல்லாமப் போயிட்டான் தம்பி, பாவி.